போர்க்களத்து நோயும் பேச்சு மருந்தும்

முதல் உலகப் போர் மூண்ட 1914ஆம் ஆண்டின் இறுதியிலேயே, பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்ட காயக்காரருள் ஒரு புதுவகையினர் காணப்பட்டனர். அவர்கள் உடலிற் புண் இல்லை. எலும்பு முறிவும் இல்லை. ஆயினும் ஒருவன் பேச்சிழந்திருந்தான். இன்னொருவனுடைய கால்கள் நடக்க மறுத்தன. வேறொருவன் கதவு அடிபடும் ஓசை கேட்டாலும் கட்டிலின் கீழே பதுங்கினான். இராத்திரியில் இவர்கள் படுத்திருந்த கூடங்களில் அலறல் ஓயவில்லை. வைத்தியர்கள் திகைத்தார்கள்.

1915ஆம் ஆண்டு பெப்ரவரியில் சாள்ஸ் மயர்ஸ் என்னும் உளநூலறிஞர், இத்தகைய மூன்று போர்வீரரின் வரலாற்றை ‘லான்செற்’ என்ற மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். மூவரும் தம் அருகே எறிகணை வெடித்ததன் பின் பார்வையும் நினைவும் குன்றியவர்கள். அந்நோய்க்கு அவர் கையாண்ட பெயர் ‘எறிகணை அதிர்ச்சி’ என்பது. (எறிகணை என்பது யாது என்று இந்நாட்டு நேயர்க்கு விளக்க வேண்டிய தேவை இல்லை.) பெயர் காட்டுத்தீப் போற் பரவியது. ஆனால் அது பொருந்தாப் பெயர். வெடியின் அதிர்வினால் மூளை நரம்புகள் குலைந்தன என்ற எண்ணத்தில் எழுந்தது அது. எறிகணை விழுந்த திசைக்கே போகாதவர்களும் இந்நோய்க்கு ஆளானார்கள் என்பது சில மாதங்களிலேயே தெளிவாயிற்று. அது தகாத பெயர் என்று மயர்ஸ் தாமே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 1917இல் இராணுவத் தலைமையகம் அப்பெயரை வழங்கக்கூடாதென்று கட்டளையும் பிறப்பித்தது. பெயரைத் தடுத்தார்களேயன்றி நோயைத் தடுக்க முடியவில்லை. போர் முடியுமுன் பிரித்தானியப் படையில் ஏறக்குறைய 80,000 பேர் இந்நோய்க்காகச் சிகிச்சை பெற்றனர் என்பது கணக்கு.

உடலில் ஊனமில்லையெனின் உள்ளத்தில் உறுதியில்லை என்பதே அன்றைய இராணுவத்தாரின் முடிவு. கோழை என்றும் பாசாங்கு என்றும் ஏசினார்கள். களத்தைவிட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானியப் படையினரால் தம் சொந்த வீரரே சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாறு மாண்டவருள் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டிலேயே மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களுள் எத்தனை பேர் நோயாளிகளாய் இருந்தனர் என்பதைத் தொண்ணூறு ஆண்டுகளின் பின் எவரால் அறுதியிட்டுரைக்க முடியும்?

வைத்தியசாலையை அடைந்தவர்க்கும் ஒரே வகையான மருந்து கிட்டவில்லை. இலண்டனிலே லூயிஸ் யீலண்ட் என்ற வைத்தியர் மின்சாரத்தைக் கையாண்டார். மோன்ஸ் தொடங்கி கலிப்பொலி வரை பல களங்களிற் பொருது, ஒன்பது மாதமாகப் பேச்சிழந்திருந்த இருபத்துநான்கு வயதுப் போர்வீரன் ஒருவனை இருண்ட அறையிலே இட்டுக் கதவைப் பூட்டி, அவன் தொண்டையில் மின்சாரத்தைப் பாய்ச்சிய கதையை அவரே 1918இல் வெளிவந்த நூலிற் பெருமையோடு எழுதியுள்ளார். ஏறக்குறைய நான்கு மணிநேரத்தின் பின் அவன் பேசினான். பேச்சு வந்தது உண்மை. அவன் பேசாமல் இருந்தது எதனை என்று மட்டும் எவரும் அவனிடம் கேட்கவில்லை.

இப்படி ஒரு காலத்திலேதான், ‘நடந்ததைச் சொல்லும், கேட்கிறேன்’ என்று நோயாளியின் எதிரே அமர்ந்தார் வேறொரு வைத்தியர். அவர் வில்லியம் றிவேர்ஸ்.

1864இல் இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்திற் பிறந்த றிவேர்ஸின் வரலாறு தமிழ் மக்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1898இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து தொறஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவில் அவர் ஒருவர். மேலே குறித்த மயர்ஸ் அக்குழுவில் இன்னொருவர். பிற்காலத்தில் இலங்கைக்கு வந்து வேடரைப் பற்றி 1911இல் பெருநூல் வெளியிட்ட செலிக்மன் என்பாரும் அதே குழுவினரே. அக்குழுவிற் சென்றவர் சிலர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் ஒரே நோயை எதிர்கொள்ள நேர்ந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

தீவுகளிலிருந்து மீண்ட றிவேர்ஸ், 1901ஆம் 1902ஆம் ஆண்டுகளில் நீலகிரியிலே தோதவர் மத்தியிற் சில மாதங்கள் தங்கினார். அன்று தோதவர் தொகை ஏறக்குறைய 800. அவர்தம் எருமைத் தொழுவங்களின் வழிபாடுகளையும், குடிவழிகளையும், திருமண முறைகளையும் கேட்டுக் கேட்டு எழுதி 1906இல் ஒரு பெருநூலாக்கினார். அங்கே அவருக்கு ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. இறந்தோர் பெயரை வாயாற் சொல்லுதல் தோதவரிடையே விலக்கு. குடிவழி எழுத வந்தவருக்கோ இறந்தோர் பெயரே வேண்டியிருந்தது. நேராகக் கேட்டுப் பெற முடியாதவற்றை மெல்லச் சுற்றிவந்தே அவர் அறியவேண்டியதாயிற்று. அது மட்டுமன்று. அவருக்குச் சடங்குகளைக் காட்டிய ஒருவர் சில நாட்களில் மனைவியை இழந்தார். புனித இடங்களைக் காட்டிய மற்றொருவர் நோயுற்றார். மறைபொருளை அந்நியனுக்கு வெளியிட்டதனால் வந்த தெய்வக் குற்றம் என்று குறி சொல்வோர் கூறினர். இதனையும் றிவேர்ஸ் தம் நூலில் மறையாமல் எழுதினார். ஒரு மனிதனிடம் அவன் சொல்ல அஞ்சுவதைக் கேட்பது விளையாட்டன்று என்பதை அவர் வைத்தியசாலையிற் புகுமுன்னரே நீலகிரியிற் கற்றிருந்தார் எனலாம்.

இன்னொன்றும் உண்டு. அவருக்குத் திக்குவாய் இருந்தது. அவர் தந்தையார் சமய குருவாயிருந்ததோடு, திக்குவாயர்க்குப் பேச்சுத் திருத்தும் பணியிலும் பேர்பெற்றவர். மகனுடைய திக்கு மட்டும் முற்றாக நீங்கவில்லை. சொல் தொண்டையில் நின்று வரமறுக்கும் துன்பம் எத்தகையது என்பதை அவர் தம் அனுபவத்தாலேயே அறிந்திருந்தார்.

1915இல் லிவர்பூலுக்கு அண்மையிலுள்ள மாகல் வைத்தியசாலையில் றிவேர்ஸ் இப்பணியிற் சேர்ந்தார். அங்கே சாதாரண போர்வீரர்க்கும் பேச்சு முறையாலே வைத்தியம் நடந்தது. அடுத்த ஆண்டு ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரின் புறத்தேயுள்ள கிரெய்க்லொக்கார்ட் வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டார். அது செல்வர்கள் நீர்ச் சிகிச்சை பெறுதற்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கட்டப்பட்ட பெரிய மாளிகை. 1916 ஒக்டோபரிலே படை அதிகாரிகளுக்கான மனநோய் வைத்தியசாலையாக்கப்பட்டது. பகலிலே அங்கு பந்தாட்டமும் தோட்ட வேலையும் நடந்தன. கிட்டத்தட்ட ஒரு சுகவாச விடுதி போலவே தோன்றும். இரவு வந்தால் அந்தத் தோற்றம் மறைந்துவிடும். நெடிய நடைகூடங்களிலே உறக்கத்திற் கூவுவோர் குரல் கேட்கும். விழித்திருந்தோர் உறங்க அஞ்சி, விளக்கை அணையாமற் புகைபிடித்துக்கொண்டிருப்பர்.

அங்கு வந்த அதிகாரிகள் அனைவரும் ஒரே புத்திமதியைக் கேட்டு வந்தவர்கள். ‘போரை நினையாதீர், நல்ல காட்சிகளை நினையும், பத்திரிகை வாசியாதீர், வீட்டாரோடு அதைப் பேசாதீர், மறந்துவிடும்.’ வைத்தியரும் இதையே சொன்னார். தாயும் மனைவியும் இதையே சொன்னார்கள். நம்மவரும் துன்பப்பட்டவனுக்குச் சொல்வது இதைத்தானே? அன்பினாற் சொல்லும் சொல்தான். கேட்பவன் நிலையோ வேறு. பகல் முழுதும் பெருமுயற்சி செய்து நினைவை ஒதுக்கி வைத்தவனுக்கு, இரவிலே கண்ணை மூடியவுடன் ஒதுக்கியவை யாவும் ஒருங்கே வந்து நின்றன.

1917 டிசம்பர் 4ஆம் நாள், இலண்டன் அரச மருத்துவச் சங்கத்தின் உளநோய்ப் பிரிவிலே றிவேர்ஸ் ஒரு விரிவுரை நிகழ்த்தினார். போர் அனுபவங்களை உள்ளத்துள் அமிழ்த்தி வைத்தல் என்பது அதன் பொருள். அவ்வுரையில் அவர் நோயாளர் சிலரைப் பெயர் சுட்டாமற் குறிப்பிட்டார். அவர்களுள் ஒருவர் கதையைச் சற்று விரிவாகக் காண்போம்.

அவ்வதிகாரியின் நண்பர், அவரும் ஓர் அதிகாரி, களத்திலே காணாமற் போனார். தேடிச் சென்றவர் கண்டது நண்பரின் சிதைந்த உடலை. எறிகணையால் தலையும் கைகால்களும் உடலைவிட்டுப் பிரிந்து கிடந்தன. வீட்டாருக்கு அனுப்பத்தக்க பொருள்களை அவ்வுடலிலிருந்து எடுத்துக்கொண்டு திரும்பினார். அதன்பின் ஒவ்வோர் இரவும் நண்பர் கனவில் வந்தார். சில இரவுகளிற் களத்திற் கண்ட கோலத்தோடும், சில இரவுகளிற் குட்டநோயால் அழுகிய முகத்தோடும் வந்தார். மெல்ல மெல்ல அருகே நெருங்கி வருவார். இவர் வியர்வையில் நனைந்து அலறி விழிப்பார். உறங்கவே அஞ்சினார். பகலிலோ, ‘நினையாதே’ என்ற கட்டளையைக் கடைப்பிடித்து வந்தார்.

றிவேர்ஸ் அக்கட்டளையை நீக்கினார். அந்த நாளை முழுமையாகச் சொல்லச் சொன்னார், தாமும் கேட்டார். கேட்டபின் ஒன்றே ஒன்றைச் சுட்டிக் காட்டினார். உடல் அவ்வளவு சிதைந்திருந்ததாயின் நண்பர் ஒரு நொடியில் உயிர் நீத்திருத்தல் வேண்டும். களத்திலே நாட்கணக்காகக் கிடந்து தாகத்தாலும் வலியாலும் துடித்துச் சாகும் பலருடைய கதி அவருக்கு நேரவில்லை. இதைக் கேட்ட அதிகாரியின் முகம் மலர்ந்தது. அவ்வளவு காலமும் அந்தக் காட்சியைப் பார்க்காதிருக்கவே முயன்றவர், அதிலே பார்க்கத்தக்கது ஒன்று இருந்ததை அறியாதிருந்தார்.

சில இரவுகள் கனவின்றிக் கழிந்தன. பின்பு ஓரிரவு மீண்டும் கனவு வந்தது. அதிலே அவர் களத்துக்குச் சென்று நண்பரின் உடலைக் கண்டார், அருகே மண்டியிட்டார், இடைவாரைக் கழற்றும்போது விழித்தார். அச்சம் இல்லை, கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. இன்னுஞ் சில நாட்களின் பின் வந்த கனவில் நண்பரோடு பேசினார். தமது நோயைப் பற்றியும், இப்போது அஞ்சாமல் அவரோடு உரையாட முடிவதைப் பற்றியும் அவரிடமே சொன்னார்.

பேய்க் கனவாய் இருந்தது துக்கமாய் மாறிற்று. துக்கம் நோயன்று. நம் ஊர்களில் இழவு வீட்டிலே பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லி அழுவதை நாகரிகமன்று எனப் படித்தவர் சிலர் ஒதுக்கி வருகின்றனர். அழ இடம் பெறாத அந்த ஆங்கில அதிகாரியின் கதையை அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

பேசினால் எல்லாம் தீரும் என்று றிவேர்ஸ் சொன்னாரா என்று நேயர்கள் வினவக்கூடும். சொல்லவில்லை. அதே விரிவுரையில் அவர் தம் தோல்வியையும் எடுத்துரைத்தார். வெடியினால் தூக்கியெறியப்பட்ட மற்றோர் அதிகாரி, பல நாட்களுக்கு முன் இறந்த பகைவன் ஒருவனின் ஊதிய வயிற்றின்மேல் முகங்குப்புற வீழ்ந்தார். அவ்வேளையில் நேர்ந்த அருவருப்பு அவரைவிட்டு நீங்கவேயில்லை. உணவு கண்டாலும் அது மூண்டது. அந்த நினைவிலே சுட்டிக் காட்டத்தக்க நல்ல கூறு ஒன்றும் றிவேர்ஸுக்குக் கிடைக்கவில்லை. அதை நினைந்து நினைந்து பேசும்படி அவரை ஏவுதல் கொடுமையென உணர்ந்து, படையை விட்டு நாட்டுப்புற வாழ்வுக்கு மீளுமாறு கூறினார். வேறு சிலர் நினைவை ஒதுக்குவதற்கு மாறாக, ஓயாது அதிலேயே உழன்றுகொண்டிருந்தனர். அதுவும் தீதே என்றார். அவர் விரும்பியது இடைவழி: நாளின் ஒரு பொழுதில் அந்த நினைவை அஞ்சாது எதிர்கொள்ளுதல், ஏனைய பொழுதில் வேறு வேலையைப் பார்த்தல். இறைவன் அருளிய மந்திரம் போல அவர் தம் முறையைப் போற்றவில்லை. பேச்சைப் போற்றுவோர் பலரிடம் காணாத நிதானம் இது.

இனி, இவ்வரலாற்றின் முள் இருக்கும் இடத்துக்கு வருவோம். கிரெய்க்லொக்கார்ட் ஓர் இராணுவ வைத்தியசாலை. றிவேர்ஸ் இராணுவச் சீருடை அணிந்த கப்டன். நோயாளி குணமடைந்தால் எங்கே போவார்? மீண்டும் போர்முனைக்கே போவார். ஒரு மனிதனை மனிதனாக்கி மரணத்தின் வாயிற்கு அனுப்புவதா வைத்தியம்?

இந்த வினாவை அவர் முன் கொண்டுவந்து வைத்தவர் சீக்பிரிட் சசூன். 1886இல் பிறந்த கவிஞர். வீரத்துக்காக இராணுவச் சிலுவை பெற்றவர். 1917 கோடையில், இப்போர் விடுதலைக்காகத் தொடங்கி நாடு கவரும் போராக மாறிவிட்டது, இதை முடிக்க வல்லவர்கள் வேண்டுமென்றே நீட்டுகிறார்கள் என்று எழுத்து மூலம் அறிவித்து, களத்துக்குத் திரும்ப மறுத்தார். அவ்வறிக்கை யூலை மாத இறுதியிற் பாராளுமன்றத்திலும் வாசிக்கப்பட்டது. இராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்திருக்க வேண்டும். நண்பரும் கவிஞருமாகிய றொபேட் கிறேவ்ஸ், அவருக்கு மனநோய் என்று மருத்துவக் குழுவினரை நம்பச் செய்தார். அரசுக்கும் அது வசதியாயிற்று. குற்றவாளியின் சொல்லுக்குச் செவிசாய்ப்போர் இருக்கலாம். பைத்தியக்காரன் சொல்லை யார் கேட்பார்? இவ்வாறு யூலை 23ஆம் நாள் சசூன் கிரெய்க்லொக்கார்ட்டுக்கு வந்தார்.

அவருக்கு மனநோய் எதுவும் இல்லை என்பதை றிவேர்ஸ் விரைவிலேயே அறிந்தார். நோயாளிக் குறிப்பிலும் எழுதினார். உமக்கு இருப்பது போரை வெறுக்கும் நோய் என்று வேடிக்கையாகச் சொன்னாராம். வாரத்தில் மூன்று மாலைகள் இருவரும் அமர்ந்து பேசினார்கள். ஐம்பது வயதைக் கடந்த வைத்தியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். இது வைத்தியமா, விவாதமா, நட்பா என்று பிரித்துரைத்தல் அரிது. ஒருவர் மற்றவரை மாற்றினார் என்பது மட்டும் துணிபு. தாம் பேசிய நோயாளியின் கருத்துகள் தம் உள்ளத்திலேயே பிளவை உண்டாக்கிவிட்டன என்பதைத் தமக்கு வந்த ஒரு கனவின் மூலம் றிவேர்ஸ் கண்டுகொண்டார். இறந்தபின் 1923இல் வெளியான தமது கனவு நூலில் அதை ஒளிக்காமல் ஆராய்ந்திருக்கிறார். நோயாளரை உள்ளந்திறக்கச் சொன்னவர் தம் உள்ளத்தையும் திறந்து காட்டினார்.

அதே வைத்தியசாலையில் அதே காலத்தில் வில்பிரட் ஓவன் என்னும் இளைஞரும் இருந்தார். அவருக்கு வைத்தியம் செய்தவர் ஆதர் புறொக். புறொக்கின் முறை வேறு: வேலையே மருந்து என்பது. வைத்தியசாலைச் சஞ்சிகையாகிய ‘ஹைட்ரா’வின் ஆசிரியப் பணியை அவர் ஓவனுக்குக் கொடுத்தார். ஓகஸ்ட் மாதத்தில் ஓவன் தயங்கித் தயங்கிச் சசூனின் அறைக் கதவைத் தட்டினார். கனவிற் கண்ட கொடுமைகளைக் கவிதையில் எழுதலாம் என்ற துணிவு அந்தச் சந்திப்பில் அவருக்குப் பிறந்தது. ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் இன்று போற்றிப் படிக்கும் போர்க் கவிதைகள் பல அம்மாளிகையிலே உருவானவை.

நவம்பரிற் சசூன் போர்முனைக்குத் திரும்ப இசைந்தார். போரைப் பற்றிய அவர் கருத்து மாறவில்லை. தம் படைவீரர் அங்கே சாகும்போது தாம் ஒரு மாளிகையிற் சுகமாய் இருப்பதையே அவரால் தாங்க முடியவில்லை. மருத்துவக் குழு அவரைத் தகுதியுடையவர் என்று விடுவித்தது. றிவேர்ஸ் அவரைப் போகச் சொன்னார் என்றும் கூறமுடியாது. தடுத்தார் என்றும் கூறமுடியாது. அவர் செய்தது சரியா என்பது இன்றும் அறிஞரிடையே விவாதத்துக்குரியதாகவே உள்ளது. மின்சாரம் பாய்ச்சிய யீலண்டும், அன்போடு பேசிய றிவேர்ஸும் ஈற்றில் மனிதரை ஒரே இடத்துக்கே அனுப்பினர் என்று வாதிப்போர் உளர். அந்த வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும், பூட்டிய அறையிலே தொண்டையில் மின்சாரம் பட்டவனும், நான்கு மாதம் கேட்கப்பட்டு முடிவு தன்னுடையதே எனத் திரும்பியவனும் ஒன்றென்று அவ்விருவரும் ஒப்பமாட்டார்கள்.

ஓவனும் திரும்பினார். 1918 நவம்பர் 4ஆம் நாள், போர் முடிய ஒரு வாரம் இருக்கையில், பிரான்சில் ஒரு கால்வாய்க் கரையிலே கொல்லப்பட்டார். அவருக்கு வயது 25. மரணச் செய்தி தாங்கிய தந்தி பெற்றோர் கையை அடைந்தது நவம்பர் 11ஆம் நாள். போர் ஓய்ந்ததென்று ஊர்க் கோயில் மணிகள் ஒலித்துக்கொண்டிருந்த நாள் அது.

1922 யூன் 4ஆம் நாள் றிவேர்ஸ் கேம்பிரிட்ஜிலே திடீரென இறந்தார். போரின் மனவடுவை நோயெனவே ஏற்று, அதற்கென ஒரு பெயரை அமெரிக்க உளநோய் வைத்தியர் தம் கையேட்டிற் சேர்த்தது 1980ஆம் ஆண்டிலேதான்; அதற்குமுன் இன்னுமோர் உலகப் போரும் வியட்நாம் போரும் நிகழவேண்டியதாயிற்று.

சசூன் 1918 யூலையிலே தலையிற் குண்டுபட்டும் உயிர் தப்பி, 1967 வரை வாழ்ந்தார். 1936இல் அவர் வெளியிட்ட நூல் ஒன்றில், கிரெய்க்லொக்கார்ட் நாட்களைக் கதைபோல எழுதினார். தலைக்காயத்தோடு இலண்டன் வைத்தியசாலையிற் படுத்திருக்கையில் அறைக்குள் றிவேர்ஸ் வந்து நிற்பதோடு அந்நூல் முடிகிறது. அதில் வரும் நண்பர், படைத்துணைவர் முதலியோர் பெரும்பாலும் வேறு பெயர்களிலேயே உலவுகின்றனர். சசூனுக்குமே வேறு பெயர்தான். வைத்தியர் மட்டும் தம் சொந்தப் பெயரோடு வருகிறார்.